மூளையின் ரசாயனத்தை ஸ்கேன் செய்தால் நோய் தெரிந்துவிடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், திடீரென்று ஆரம்பிக்கும் மனநோய்களில் ஒரு சிறு பங்குக்கு நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். கிருமியைத் தாக்க வேண்டிய ஆன்டிபாடி மூளை செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்வதால், குரல் கேட்பதும் இல்லாததை நம்புவதுமாக மனிதர் மாறிப்போகிறார். ஆட்டோ இம்யூன் சைக்கோசிஸ் என்கிறார்கள். அதன் கடைசியில், மூளையின் ரசாயனங்களை ஸ்கேனிலேயே அளக்கும் ஆய்வுகள் நடக்கின்றன என்று ஒரு வரி சேர்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஸ்கேன் அறையிலேயே வேலை பார்க்கும் டாக்டர் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகளுக்கு 19 வயது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மூன்று வாரம் முன்பு வரை நன்றாக இருந்தவள், யாரோ கேமராவில் பார்க்கிறார்கள் என்று சொல்லித் தூங்காமல் இருக்கிறாள். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு நாளாகக் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, வாயை எதையோ மெல்வது போல அசைத்துக்கொண்டே இருக்கிறாள். அந்த ரசாயன ஸ்கேன் எங்கே எடுக்கிறார்கள்? (ஒரு அம்மா, திண்டுக்கல்)

அம்மா, இது அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் கடிதம் வந்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்த நிலையில் தேட வேண்டியது ரசாயன ஸ்கேனை இல்லை. நரம்பியல் டாக்டர் இருக்கும் பெரிய மருத்துவமனையில் அன்றைக்கே சேர்க்க வேண்டும். குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் மட்டும் என்றால் அது பல காரணங்களால் வரும். ஆனால் மூன்று மாதத்துக்குள் மளமளவென்று முற்றிய சைக்கோசிஸ், அதோடு வேறொன்றும் சேர்ந்தால் கதையே வேறு. அந்த வேறொன்று என்ன என்பதை 2020-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதியிருக்கிறார்கள்: வலிப்பு, உணர்வு மங்குவது, அப்படியே சிலையாக உறைந்து நிற்பது, வாயோ முகமோ கையோ தன்னிச்சையாக அசைவது, நோயின் அளவுக்கு மீறிய மறதியும் குழப்பமும், காரணமில்லாமல் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்குவது, மனநோய் மாத்திரை கொடுத்ததும் உடம்பு விறைத்துக் காய்ச்சல் அடிப்பது, உடம்பில் எங்காவது கட்டி இருப்பது. இதில் ஒன்றே ஒன்று போதும், சந்தேகப்பட வேண்டும். உங்கள் மகளின் வாய் அசைவு மாத்திரையின் பக்க விளைவாகவும் இருக்கலாம், ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து யூகிக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்ற அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகக் காத்திருக்கின்றன, எனக்கு அதுதான் வேதனை. இந்த வகை நோய்களில் அதிகம் ஆராயப்பட்டது என்எம்டிஏ ரிசப்டர் என்செபலைட்டிஸ்; மூளை செல்லின் மேல் செய்தியை வாங்கும் என்எம்டிஏ ரிசப்டரை ஆன்டிபாடி தாக்குவதால் வரும் மூளை அழற்சி. 577 நோயாளிகளைத் தொகுத்து 2013-ல் வெளிவந்த ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் கோளாறு தெரிந்தது 33 சதவீதம் பேருக்குத்தான். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் 90 சதவீதம் பேருக்கும், முதுகிலிருந்து எடுத்த நீரில் 79 சதவீதம் பேருக்கும் கோளாறு இருந்தது. ஆக, நார்மல் எம்.ஆர்.ஐ. என்றால் பெரிய கட்டியோ பக்கவாதமோ இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

மூளை ரசாயன ஸ்கேன் என்றால் என்ன? சாய ஊசி போடுவார்களா? பக்க விளைவு உண்டா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

அதே எம்.ஆர்.ஐ. மெஷின்தான் ஐயா. அதே குழாய், அதே சத்தம். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. பெயர் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி.

சாதாரண எம்.ஆர்.ஐ. நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து வரும் சிக்னலை வாங்கிப் படமாக்குகிறது. தண்ணீர் மற்ற ரசாயனங்களைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம் என்பதால் அதன் சிக்னலில் மற்றதெல்லாம் அமுங்கிப் போகும். ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் முதல் வேலையே தண்ணீரின் சிக்னலை அடக்குவதுதான். அடக்கிய பிறகு மிச்ச ரசாயனங்களின் ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட அலைவரிசையில் பேசுவது கேட்கும்.

எங்கள் அறையில் அது நடப்பதைச் சொல்கிறேன். முதலில் சாதாரணப் படம் எடுப்போம். அந்தப் படத்தின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு பெட்டியை மவுஸால் இழுத்து வைப்போம். மனநோய் ஆய்வுகளில் அந்தப் பெட்டி பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால், இரண்டு மூளைப் பாதிகளும் ஒட்டி நிற்கும் நடுப்பகுதியில், முன் சிங்குலேட் என்ற இடத்தில் இருக்கும். எலும்பையோ காற்றறையையோ பெட்டி தொட்டுவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும், அதனால் ஒரு மில்லிமீட்டர் இப்படி, ஒரு மில்லிமீட்டர் அப்படி என்று நகர்த்திக்கொண்டே இருப்போம். பிறகு ஐந்து பத்து நிமிடம் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். கடைசியில் திரையில் வருவது படம் இல்லை, ஒரு கோடு. அதில் வலப் பக்கமிருந்து பார்த்தால் 2.0 என்ற இடத்தில் உயரமாக ஒரு முனை, என்-அசிட்டைல் அஸ்பார்டேட்; நரம்பு செல்கள் நலமாக இருப்பதன் அடையாளம். 3.0-ல் கிரியேட்டின், 3.2-ல் செல் சவ்வு சம்பந்தப்பட்ட கோலின், 3.5 அருகே மையோ-இனோசிட்டால். இது நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் கிளையா செல்களில் அதிகம் இருப்பது, அழற்சியில் கூடலாம். 2.1-லிருந்து 2.5 வரை கலங்கலாக ஒரு மேடு தெரியும். இந்த நோயில் ஆராய்ச்சியாளர்கள் தேடும் குளூட்டமேட், நரம்பு செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ரசாயனம், அந்த மேட்டுக்குள்தான் இருக்கிறது, அதன் உறவான குளூட்டமினோடு பின்னிக்கொண்டு.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. மூளையில் தெரியும் கட்டி காசநோய்க் கட்டியா வேறா என்று சந்தேகம் வரும்போது இதை எடுப்போம், காசநோய்க் கட்டியில் கொழுப்பின் முனை பெரிதாக நிற்கும். குழந்தைகளின் சில பிறவி நோய்களிலும் இதற்குப் பெரிய பயன் உண்டு. மனநோயில்தான் இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டவில்லை.

ஆட்டோ இம்யூன் சைக்கோசிஸாக இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகிப்பவர்களிடம் இந்த ஸ்கேனை எதற்கு எடுக்கிறார்கள்? என்ன கண்டுபிடித்தார்கள்? (மென்பொருள் ஊழியர், பெங்களூரு)

நல்ல கேள்வி, கொஞ்சம் பின்னால் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

1950-களில் பிசிபி என்று ஒரு மயக்க மருந்தைச் சோதித்தார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த சிலர் பிதற்ற ஆரம்பித்தார்கள், இல்லாததைப் பார்த்தார்கள். அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குத் தம்பி போல வந்த கெட்டமின் இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் இருக்கிறது. இரண்டும் செய்வது ஒரே வேலை: மூளையில் குளூட்டமேட்டை வாங்கும் என்எம்டிஏ ரிசப்டரை அடைத்துவிடும். இந்த மருந்துகளால் ஆரோக்கியமான மனிதருக்கே சைக்கோசிஸ் போன்ற நிலை வரும் என்பது அப்போதிருந்தே தெரிந்த விஷயம், ரிசப்டரை அடைப்பதுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் யோசெப் டால்மாவ் குழுவினர் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். திடீர் மனநோய், மறதி, மூச்சே நின்றுபோகும் நிலை, நான்கு பேருக்கும் டெரட்டோமா என்ற கட்டி. 2007-ல் காரணத்தையே பிடித்துவிட்டார்கள்: 12 பெண்களின் உடம்பில் என்எம்டிஏ ரிசப்டருக்கு எதிரான ஆன்டிபாடி. இதில் என்னை இன்றும் அசைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆன்டிபாடி நரம்பு செல்லைக் கொல்வதில்லை. ரிசப்டர்களை இரண்டிரண்டாகப் பிணைத்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆன்டிபாடியை அகற்றினால் ரிசப்டர்கள் திரும்ப மேலே வருகின்றன. படுத்த படுக்கையாகி வென்டிலேட்டரில் இருந்த பெண், மாதங்கள் கழித்துக் கல்லூரிக்குத் திரும்ப முடிவது இதனால்தான்.

அப்படியானால் ரிசப்டர் குறையும்போது குளூட்டமேட்டின் அளவும் மாறுமே, அதை ஸ்கேனில் பிடித்துவிட்டால் முதுகில் ஊசி போடாமலே சந்தேகம் தீருமே என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிப்பது இயல்புதானே. உயிருள்ள மனித மூளையில் ஊசியும் கதிர்வீச்சும் இல்லாமல் குளூட்டமேட்டை அளக்க நம்மிடம் இருக்கும் முக்கியமான வழி ஸ்பெக்ட்ரோஸ்கோபிதான். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் லுட்கர் டெபார்ட்ஸ் ஃபான் எல்ஸ்ட், டொமினிக் எண்ட்ரெஸ் குழுவினர் மனநோயின் நோயெதிர்ப்புப் பக்கத்தைப் பல வருடங்களாகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். மனநோயாளிகள் 992 பேருக்கு முதுகுநீர், ஆன்டிபாடி, ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்து 2020-ல் வெளியிட்டது அவர்கள்தான்.

ஆனால் ரசாயன அளவில் கிடைப்பது எல்லாம் குழுவின் சராசரிதான். இத்தனை நோயாளிகளின் சராசரி இவ்வளவு, ஆரோக்கியமானவர்களின் சராசரி அவ்வளவு என்பார்கள். இரண்டு குழுவின் எண்களும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். ஒரு தனி மனிதரின் எண்ணை எடுத்து, இவருக்கு இந்த நோய் என்று யாரும் சொல்ல முடியாது. வயது மாறினால் அளவு மாறுகிறது, மாத்திரையால் மாறுகிறது, பெட்டியை வைத்த இடத்தால் மாறுகிறது. சந்தேகக் கேஸ்கள் என்ற குழுவுக்குள்ளேயே ஆன்டிபாடி உறுதியானவர், ஈ.ஈ.ஜி.யில் மட்டும் மாற்றம் உள்ளவர், முதுகுநீரில் மட்டும் மாற்றம் உள்ளவர் என்று பலவிதமானவர்கள் கலந்திருப்பார்கள், ஒரே நோய் கூட இல்லை.

அடிப்படையான தடை இன்னொன்று. குளூட்டமேட் மூளையில் செய்தி கடத்துவதற்கு மட்டும் இல்லை, செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றத்துக்கும் வேண்டும். பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்கேன் அளப்பது எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத்தை. ஊரில் மொத்தம் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்று கணக்கெடுத்தால், எந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்று தெரியவா போகிறது?

ரிசப்டரையே நேராகப் பார்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. லண்டனில் ரிசப்டரில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைக் கொடுத்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள், 2023-ல் முடிவு வந்தது. குணமாகிக்கொண்டிருந்த மிகச் சிலரிடம்தான் செய்தார்கள். அவர்கள் மூளையில் ரிசப்டர் அளவு இன்னும் குறைவாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருவது இந்தப் பாதை.

காபா என்ற ரசாயனத்தையும் அளக்கலாம் என்று படித்தேன். எங்கள் மெஷினில் அது ஏன் தெரிவதில்லை? (ரேடியாலஜி டெக்னீஷியன் படிக்கும் மாணவி, கோவை)

காபாவின் முக்கியமான முனை 3.0-ல் வருகிறது, அதே இடத்தில் கிரியேட்டின் பல மடங்கு பெரிதாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் தெரியாது. மெகா-பிரெஸ் என்ற முறையில் ஒருமுறை காபாவைத் தொடும் பல்ஸோடும் ஒருமுறை அது இல்லாமலும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிரியேட்டின் போய்க் காபா நிற்கும். கழித்தல் கணக்கு என்பதால் நோயாளி லேசாகத் தலையை அசைத்தாலும் போச்சு. குளூட்டமேட்டையும் குளூட்டமினையும் நன்றாகப் பிரிக்க 7 டெஸ்லா காந்த பலமுள்ள மெஷின் வேண்டும். நீ பயிற்சி எடுப்பது 1.5-லோ 3-லோதான் இருக்கும். அப்புறம் தங்கச்சி, பயந்துபோய் இருக்கும் நோயாளியை அசையாதே என்று அதட்டாதே. அம்மாவையோ அக்காவையோ உலோகச் சோதனை முடித்து உள்ளே கூட்டி வந்து காலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல். பாதி நேரம் மயக்க மருந்தே வேண்டியிருக்காது.

பெட் ஸ்கேன் இதைவிட நல்லதா? (வாசகர், சேலம்)

ரசாயன ஸ்கேனோடு ஒப்பிட்டால், இந்த நோயில் பெட் ஸ்கேனுக்கு இன்றைக்கே கொஞ்சம் பயன் உண்டு. கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை நரம்பில் போட்டு, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. என்எம்டிஏ நோய் உச்சத்தில் இருக்கும்போது தலையின் பின்பக்கம், பார்வைக்கான ஆக்சிபிட்டல் பகுதி, மங்கிப் போயிருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறார்கள். முன்பக்கம் சிலருக்குத் தூக்கலாகப் பிரகாசிக்கும். எம்.ஆர்.ஐ. நார்மலாக இருக்கும்போது இது ஒரு துப்பு. தூக்க மருந்துகளும் இந்தப் படத்தை மாற்றும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். கதிரியக்கம் சீக்கிரமே அடங்கிவிடும், சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அது போதாதா? முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். (ஒரு கணவர், விழுப்புரம்)

பெரும்பாலும் போதாது. இங்கிலாந்தில் முதல்முறை சைக்கோசிஸ் வந்த 228 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 3 சதவீதம் பேருக்கு என்எம்டிஏ ஆன்டிபாடி இருந்தது, ஒப்பிட எடுத்த 105 ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் எல்லா வகை நரம்பு ஆன்டிபாடிகளையும் சேர்த்துப் பார்த்தால் நோயாளிகளில் 9 சதவீதம், ஆரோக்கியமானவர்களிலும் 4 சதவீதம். ஆக ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பவர் எல்லோரும் நோயாளி இல்லை. தைராய்டு ஆன்டிபாடியும் அப்படித்தான். அது ஊரில் நிறையப் பேருக்கு உண்டு, அதை மட்டும் வைத்து மூளை நோய் என்று ஸ்டீராய்டு ஏற்றக் கூடாது. முதுகுநீரில் அந்த ஆன்டிபாடி இருந்தால்தான் நோய் உறுதி என்று சொல்வார்கள்.

இப்போது பயத்துக்கு வருவோம். உங்கள் மனைவியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, முதுகை வளைக்கச் சொல்வார்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டத்தில், நடு முதுகெலும்பின் இரண்டு கணுக்களுக்கு இடையே விரலால் அழுத்திப் பார்த்து, மரத்துப் போகும் ஊசியை முதலில் போடுவார்கள். அதன் பிறகுதான் மெல்லிய நீள ஊசி. தண்டுவடம் பெரியவர்களுக்கு இந்த இடத்துக்குப் பல சென்டிமீட்டர் மேலேயே, விலா எலும்புகள் முடிகிற உயரத்திலேயே, முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடத்தில் நரம்பு இழைகள் மட்டும் நீரில் மிதந்துகொண்டிருக்கும், ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். சுத்தமான தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக வரும், சில மில்லி எடுப்பார்கள். நம்மிடம் மொத்தம் 150 மில்லி அளவு இருக்கிறது, உடம்பு ஒரு நாளைக்கு 500 மில்லி வரை புதிதாகச் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று நாள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலிக்கும், அது உண்மை. மூளையில் அழுத்தம் இருக்கிறதா, ரத்தம் உறையும் தன்மை சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். கால் போய்விடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட மறுத்து, பிறகு நோய் முற்றி ஐ.சி.யு.வில் சேர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் ஸ்கேனே இல்லை. கையால் பார்த்து சந்தேகப்பட முடியுமா? (செவிலியர், ராமநாதபுரம் மாவட்டம்)

முடியும். 2009-ல் நியூயார்க் போஸ்ட் நிருபர் சுசானா கஹலனுக்கு 24 வயது. சந்தேகம், வலிப்பு, பிதற்றல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஸ்கேன்களில் ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் சூஹெல் நஜ்ஜார் வந்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் சுசானா வட்டத்தின் வலப் பக்கமே நெருக்கி எழுதினார். மூளையின் வலப் பாதியில் அழற்சி என்று அந்தத் தாளிலிருந்தே டாக்டர் யூகித்தார், பிறகு பரிசோதனைகளில் என்எம்டிஏ நோய் உறுதியாயிற்று. எல்லோருக்கும் கடிகாரம் இப்படி வராது. ஆனால் மனநோய் என்று வந்தவரிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துப் பார்ப்பது, நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுவது, வாய் அசைவையும் விறைப்பையும் கேஸ் ஷீட்டில் பதிவது, இதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. பெண் நோயாளி என்றால் வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு எழுதச் சொல்லி டாக்டரை நினைவுபடுத்துங்கள். அந்த 577 பேரில் 38 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது, அநேகமாக எல்லாமே சினைப்பை டெரட்டோமா.

குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாம் என்கிறார் என் மாமியார். சாமி குற்றம் என்று நம்புகிறார். என்ன சொல்வது? (மருமகள், கரூர்)

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். பெருமாள் மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கை இந்த வீட்டைத் தாங்கி நிற்கும் பலங்களில் ஒன்று. ஆனால் இந்த நோய்க்கு 48 நாள் என்பது மிக நீண்ட காலம். சிகிச்சை சீக்கிரம் ஆரம்பித்தவர்களே நன்றாகத் தேறியிருக்கிறார்கள். பரிசோதனைகள் முடியட்டும், நோய் உடம்பில் இல்லை என்று டாக்டர் சொல்லட்டும், கோயிலுக்கு அப்புறம் எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்று சொல்லுங்கள். வேண்டுதலை இன்றைக்கே முடிந்து வைக்கலாமே, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை.

என் தம்பிக்கு 15 வருடமாக மனச்சிதைவு. மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறான். அவனுக்கும் இது ஆட்டோ இம்யூனாக இருக்குமோ? நிலத்தை விற்றாவது எல்லா ஸ்கேனும் எடுக்கத் தயார். (அண்ணன், தர்மபுரி)

நிலத்தை விற்காதீர்கள். இதை இரண்டு மூன்று முறை எழுதி அடித்து, கடைசியில் முதல் வரியாகவே வைத்துவிட்டேன்.

மெல்ல மெல்ல ஆரம்பித்து, வருடக்கணக்கில் ஒரே மாதிரி ஓடி, மாத்திரைக்குக் கட்டுப்படும் மனச்சிதைவில் ஆட்டோ இம்யூன் காரணம் கிடைப்பது மிக அரிது. என்எம்டிஏ நோயே மனநோய் அறிகுறி மட்டுமாக வந்தது 571 பேரில் 23 பேருக்குத்தான், அவர்களிலும் முதல்முறையே அப்படி வந்தது 5 பேருக்கு. மற்றவர்களுக்கு நோய் திரும்பியபோது. உங்கள் தம்பிக்கு ஆரம்பத்தில் வலிப்போ, நினைவு தப்பியதோ, விறைத்துப்போனதோ இருந்ததா என்று பழைய சீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் அவரைப் பார்க்கும் மனநல டாக்டரிடம் சொல்லி நரம்பியல் டாக்டரிடம் ஒருமுறை காட்டலாம். இல்லை என்றால், அவர் தேறி நிற்பதற்குக் காரணமான மாத்திரையை ஸ்கேன் ஆசையில் நிறுத்திவிடாதீர்கள், எனக்குப் பயம் அதில்தான். ரசாயன ஸ்கேன் எடுத்து ஏதோ ஒரு எண் கூடவோ குறையவோ வந்தாலும் அதை வைத்து அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அந்தப் பணம் அவருக்கு ஒரு வேலை, ஒரு பயிற்சி, நல்ல சாப்பாடு என்று போகட்டும். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு 1984-லிருந்து மனச்சிதைவு உள்ளவர்களுக்காக வேலை செய்கிறது, அங்கே விசாரியுங்கள். இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் டெலி-மானஸ் 14416-ஐத் தமிழிலேயே அழைக்கலாம். 15 வருடம் தம்பியைக் கைவிடாமல் பார்த்துக்கொண்ட உங்களை நான் மதிக்கிறேன்.

விலங்குகளுக்கு இந்த நோய் வருமா? (பள்ளி மாணவன், காரைக்குடி)

வரும். பெர்லின் உயிரியல் பூங்காவில் குனுட் என்ற பனிக்கரடி உலகப் புகழ் பெற்றது. 2011 மார்ச்சில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து இறந்தது. காரணம் தெரியாமல் இருந்து, 2015-ல் அதன் முதுகுநீரில் இதே என்எம்டிஏ ஆன்டிபாடி இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

என் மனைவிக்குப் போன வருடம் என்எம்டிஏ நோய் வந்து, சினைப்பைக் கட்டியை எடுத்து, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறாள், ஆனால் பழைய வேகம் இல்லை, சட்டென்று கோபம் வருகிறது. அந்த இரண்டு மாதமும் அவளுக்கு நினைவே இல்லை. திரும்ப வருமா? ரசாயன ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ளலாமா? (ஒரு கணவர், நாகர்கோவில்)

கட்டியைக் கண்டுபிடித்து எடுத்தது பெரிய விஷயம். கட்டி இருந்து அதை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வருடத்துக்குள் திரும்பியது 12 சதவீதம் பேருக்கு. இதில் தேறுவது வாரக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு, சிலருக்கு வருடக் கணக்கு. முதல் சிகிச்சையில் நான்கு வாரத்துக்குள் முன்னேற்றம் கண்டவர்கள் பாதிப் பேர் போல, இரண்டு வருடத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 81 சதவீதம். திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, புதியதை நினைவில் வைப்பது எல்லாம் கடைசியில்தான் திரும்பும். உங்கள் மனைவி நடுவழியில் இருக்கிறார், முடிந்துபோன இடத்தில் இல்லை.

திரும்ப வருமா என்பதை ரசாயன ஸ்கேன் சொல்லாது, அதற்குச் செலவழிக்க வேண்டாம். ரத்த ஆன்டிபாடி அளவை அடிக்கடி பார்த்துப் பதறவும் வேண்டாம், அது குணமான பிறகும் பலருக்கு இருந்துகொண்டே இருக்கும். கூட இருக்கும் நீங்கள் பார்ப்பதுதான் முக்கியம்: இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லாமல் போனால், பேச்சு குழறினால், காரணமில்லாத சந்தேகம் ஆரம்பித்தால், அன்றைக்கே நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும். சினைப்பையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது என்று அவரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று அவர் கைப்பையில், ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். வெளியூரில் திடீரென்று ஏதாவது ஆனால், அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டாக்டர் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

நினைவில்லாத இரண்டு மாதத்தைப் பற்றி அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காதபோது நீங்களாக எடுக்காதீர்கள். அப்போது உங்களையோ பிள்ளைகளையோ அவர் ஏதாவது சொல்லியிருந்தால், அடித்திருந்தால்கூட, அது நோய் பேசியது என்று பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி ஒருமுறை உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிடுங்கள்.